கண்ணொளியாரின் ஈரத்துணி

கண் சிவந்தவர்களுக்கு ஒரு வரிசை, கண் சிவக்காதவர்களுக்கு ஒரு வரிசை. இரண்டாவது வரிசைதான் நீளம்.

கட்டில் பீரோ விற்றுக்கொண்டிருந்த பழைய கடையை வாடகைக்குப் பிடித்துக் கண்ணொளியார் வந்து இறங்கி மூன்று வாரம் ஆகிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் டோக்கன் தீர்ந்துவிடும். தபால்காரர் வந்தார், வங்கிக் காசாளர் வந்தார், சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியாரும் வந்தார். அவர் மட்டும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தார். படித்தவர் இல்லையா, கொஞ்சம் கூச்சம் இருக்கத்தானே செய்யும்.

கண்ணொளியாரின் கண்டுபிடிப்பு ரொம்ப எளிமையானது. கண்நோய் பார்வையால் பரவுகிறது. சிவந்த கண்ணை நீங்கள் பார்த்துவிட்டால் அதிலிருக்கும் பார்வை விஷம் உங்கள் கண்ணுக்குள் பாய்ந்துவிடும். அதற்குப் பரிகாரம் இரண்டு. அவர் சக்தி ஏற்றிய ஈரத்துணியால், அவர் கையாலேயே, நெற்றியில் தொடங்கிக் கண் வழியாகக் கன்னம் வரைக்கும் துடைத்து விஷத்தை எடுப்பது ஒன்று. பார்வைக் கவசம் போட்டுக்கொள்வது இன்னொன்று. பார்வைக் கவசம் என்றால் கறுப்புக் கண்ணாடிதான். பேருந்து நிலையத்தில் அட்டையில் குத்தி விற்பார்களே, அதே சரக்கு. இங்கே நாலு மடங்கு விலை. ஏனென்றால் அதைக் கண்ணொளியார் ஒரு தடவை உற்றுப் பார்த்திருக்கிறார்.

துடைப்பதற்குக் கட்டணம் கிடையாது. மனிதர் தங்கமானவர்.

மூன்று வாரத்தில் ஊரில் பாதிப்பேர் கறுப்புக் கண்ணாடியோடு திரிந்தார்கள். மீதிப் பாதி கண் சிவந்து வீட்டில் கிடந்தது. நோய் குறையவில்லையே என்று யாரோ கேட்டதற்கு, "நான் வராம இருந்திருந்தா எவ்வளவு பரவியிருக்கும், யோசிச்சுப் பாருங்க" என்றார் கண்ணொளியார். யோசிக்கச் சொன்னதே போதும் என்று கூட்டம் கைதட்டிவிட்டது. ஏழு நாள் விடாமல் வந்து துடைத்துக்கொண்டால் பத்தாம் நாள் குணமாகும் என்றார். குணமானது. வீட்டிலேயே போர்த்திக்கொண்டு படுத்திருந்தவர்களுக்கும் பத்தாம் நாள் வாக்கில்தான் குணமானது. ஆனால் அவர்களைப் போய் யார் கேட்கிறார்கள்?

கேட்டவள் ஒருத்தி இருந்தாள். அடுத்த தெரு பேக்கரியில் கேக்குக்குப் பூ வைக்கிறவள். வாடிக்கையாளர்கள் அவளைக் கேக் அக்கா என்பார்கள். கேக்கு வாங்க வருகிறவர்களிடம் அவள் இரண்டு கேள்வி கேட்டு வைத்தாள். கண் எப்போது சிவந்தது? அதற்கு முன்னால் துடைத்துக்கொள்ளப் போனீர்களா? நல்ல கண்ணோடு 'பாதுகாப்புக்காக' போனவர்களில் முக்கால்வாசிப் பேர் சில நாளில் சிவந்த கண்ணோடு திரும்பி வந்திருந்தார்கள்.

அவள் வீட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. அவள் கணவன் சாவி செய்கிறவன். ஊரிலுள்ள எந்தப் பூட்டையும் நம்பமாட்டான், இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான். மனிதர்களை மட்டும் இழுத்துப் பார்க்கும் பழக்கமில்லை. போன வாரம் கண்ணொளியாரிடம் போனான். இந்த வாரம் இரண்டு கண்ணும் தக்காளி.

"போறதுக்கு முன்னாடியே யாரையோ பாத்துத் தொலைச்சிருக்கேன்" என்றான் அவன்.

"யாரப் பாத்தீங்க?"

"அது எப்படித் தெரியும்? பாத்தது ஞாபகம் இருக்கா என்ன!"

விஷயம் அவனோடு முடிந்திருந்தால் அவளும் சிரித்துவிட்டு விட்டிருப்பாள். ஆனால் அது மாமனாரிடம் வந்து நின்றது. மாமனார் அந்தக் காலத்துக் கால்பந்து நடுவர். வீட்டிலும் வெளியிலும் ரெஃபரி என்றுதான் பெயர். இருபத்தைந்து வருடம் மைதானம் மைதானமாக "உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று திட்டு வாங்கியவர். இப்போது நிஜமாகவே தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. பால் டம்ளரைத் தேடிக் கை மேஜை முழுக்க அலையும். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு தடவை தேதி கொடுத்துத் தள்ளிப்போயிற்று. மூன்றாவது தேதி இந்த வியாழக்கிழமை.

ஆஸ்பத்திரி நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "கண்ணு லேசா சிவந்திருந்தாக்கூட டாக்டர் தொடமாட்டாரு. அப்புறம் எட்டு மாசம் கழிச்சுத்தான் தேதி. வீட்டுல யாருக்காவது இருந்தா ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு தலகாணி. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் அவரத் தொடணும்."

"பாத்தா ஒட்டிக்குமா சிஸ்டர்?"

"பாத்தா ஒட்டும்னா முதல்ல எனக்குல்ல ஒட்டணும்? காலையில இருந்து சிவந்த கண்ணாத்தான் பாத்துட்டிருக்கேன். கையும் துணியும்தான்மா கொண்டுபோய்ச் சேர்க்குது."

அன்றிலிருந்து வீட்டில் கேக் அக்கா ஆட்சி. ஆளுக்கு ஒரு ஆணி, ஆணிக்கு ஒரு துண்டு. கணவன் சாப்பிடுவது தனித் தட்டில், படுப்பது முன்னறையில். ரெஃபரியின் பக்கம் அவன் போனாலே "கை கழுவியாச்சா?" என்று குரல் வரும். இத்தனையும் செய்து கொண்டிருக்கும்போது, திங்கட்கிழமை மத்தியானம் அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினான். டோக்கன் நாற்பத்தேழு, நாளைக் காலை, ரெஃபரியின் பெயரில்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒரு பாதுகாப்பு" என்றான்.

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "உங்களுக்குக் குடுத்த பாதுகாப்பு போதாதா? கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாருங்க."

"நான் ஒரு நாள்தான் போனேன். ஏழு நாள் போகணும்."

ரெஃபரியும் மகன் பக்கம் சாய்ந்தார். "மூணாவது தேதியும் கைநழுவிடக் கூடாதும்மா. சும்மா துடைக்கிறதுதான, துடைச்சுட்டுப் போகட்டும்." அவர் குரலில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது. பயந்தவரோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் பேக்கரிக்குப் போனாள்.

போன இடத்தில்தான் வழி கிடைத்தது. ஐசிங் சர்க்கரையில் ஊதா நிறப் பொடியைக் கலந்துகொண்டிருந்தாள். உலர்ந்திருக்கும் வரைக்கும் அது வெறும் சாம்பல் தூசு. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதும் தன் நிறத்தைக் காட்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கையைச் சரியாகத் தட்டாமல் பேக்கரியின் பொதுத் துண்டில் துடைத்துவிட்டாள். சாயங்காலம் முதலாளியின் காது, கேஷியரின் மூக்கு, டிரைவரின் கழுத்து எல்லாம் ஊதா. ஒருவரும் அவளைத் தொடவில்லை. எல்லாரும் துண்டைத்தான் தொட்டார்கள். அந்த ஒரு நாளில் அவள் கற்றுக்கொண்டதை அறிவியல் வாத்தியார் பட்டம் வாங்கியும் கற்றுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை முகத்துக்குப் போடும் பவுடரோடு அந்தப் பொடியில் ஒரு சிட்டிகை கலந்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். தின்கிற கேக்கில் போடுவது, யாருக்கும் கெடுதல் இல்லை. டோக்கன்காரரிடம் கெஞ்சி, கொஞ்சிப் பார்த்து, கடைசியில் ஒரு கிரீம் பன் கொடுத்து நாற்பத்தோராம் நம்பரை வாங்கினாள்.

"நீயுமா வர்ற?" கணவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"முதல்ல எனக்குத் துடைக்கட்டும். அப்புறம் மாமாவுக்கு."

கண்ணொளியாரின் கூடம் இருட்டாக இருந்தது. பெரிய கண்ணாடி முகப்பு முழுவதும் கனத்த திரை. நோய்க்கண்ணில் வெளிச்சம் படக்கூடாதாம். மூலையில் ஒரே ஒரு சிவப்பு பல்பு. நடுவில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தாடி, கறுப்புக் கண்ணாடியோடு கண்ணொளியார். அவர் முன்னால் ஒரு பித்தளைக் கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீரில் ஒரு மஞ்சள் துணி. கிண்ணம் ஒன்று, துணி ஒன்று. முகங்கள் மட்டும் ஒரு நாளைக்கு இருநூறு. அவருக்குப் பின்னால் ஒரு தட்டி, 'தியான அறை, உள்ளே வராதீர்' என்ற பலகையோடு.

அவள் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பயமில்லாமல் இல்லை. வெளியே போனதும் சோப்புப் போட்டு முகம் கழுவ வேண்டும் என்று மனத்துக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டாள். ஈரத்துணி நெற்றியில் பட்டு இறங்கியது.

"விஷம் அதிகமா இருக்கு" என்றார் கண்ணொளியார்.

"ஆமாங்க" என்றாள் அவள்.

துடைத்துக்கொண்டவர்கள் பத்து நிமிடம் கண்ணை மூடி பெஞ்சில் உட்கார வேண்டும். அவளும் போய் உட்கார்ந்தாள். அவளை அடுத்துத் தபால்காரர் வந்தார். அப்புறம் சலூன்காரர், வங்கிக் காசாளர், பூக்கடை அம்மா, துண்டை எடுக்காமலே அறிவியல் வாத்தியார். துணி கிண்ணத்துக்கும் முகத்துக்கும் போய்ப் போய் வந்தது. இருட்டில் எல்லா முகமும் ஒரே கறுப்பு. ஊருக்குப் பார்வை கொடுக்கிறவர் கறுப்புக் கண்ணாடி வேறு போட்டிருந்ததால், தன் மூக்குக்கு எதிரில் நடப்பது அவருக்கே தெரியவில்லை.

"நாப்பத்தேழு!"

மகன் கையைப் பிடித்துக்கொண்டு ரெஃபரி தடவித் தடவி வந்து உட்கார்ந்தார். முகத்தை ஏந்திக் கொடுத்தார். துணி மேலே எழும்பியது. கேக் அக்கா ஓடிப் போய்த் திரையை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வளையங்கள் சடசடவென்று ஓடின. காலை வெயில் கூடத்துக்குள் வந்து விழுந்தது.

பெஞ்சில் இருந்த ஐந்து பேரும் நெற்றியிலிருந்து கன்னம் வரை ஊதாவாக இருந்தார்கள். கிண்ணத்துத் தண்ணீர் ஊதா. துணி ஊதா. கண்ணொளியாரின் பத்து விரலும் ஊதா. தபால்காரர் சலூன்காரரைப் பார்த்துச் சிரிக்க, சலூன்காரர் தபால்காரரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் கன்னத்தைத் தடவிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கண்ணொளியார் சூட்டிகையான ஆள். "பாத்தீங்களா! விஷம் வெளிய வந்திருக்கு! இத்தனை நாள் உள்ளயே ஒளிஞ்சிருந்த விஷம்!" என்று எழுந்து நின்று முழங்கினார். கைதட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு கைகள் எழும்பிவிட்டன.

கேக் அக்கா இடுப்பில் செருகியிருந்த பொடி டப்பாவை எடுத்தாள். ஒரு சிட்டிகையைத் தன் உள்ளங்கையில் போட்டு, வரிசையில் நின்ற ஒருவரின் பாட்டிலை வாங்கி நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விட்டாள். உள்ளங்கை ஊதாவானது.

"இந்த விஷம் எங்க பேக்கரியில கிலோ கணக்குல இருக்கு. போன வாரம் உங்க பேத்தி பிறந்தநாள் கேக்குல இதத்தான் சாப்பிட்டீங்க, போஸ்ட்மேன் அண்ணே. என் நெத்தியில மட்டும்தான் வச்சேன். நான் உங்க யாரையும் தொடல. உங்க யாரையும் பாக்கக்கூட இல்ல, கண்ண மூடிட்டு உக்காந்திருந்தேன். என் நெத்தியில இருந்தது உங்க கண்ணுக்கு எப்படி வந்துச்சு?"

அறிவியல் வாத்தியார் துண்டை இன்னும் கீழே இழுத்துக்கொண்டார்.

"இதுக்கு நிறம் இருக்கறதால கண்ணுக்குத் தெரியுது. நோய் இதே துணியில இதே மாதிரிதான் மூணு வாரமா போயிட்டிருக்கு. அதுக்கு நிறம் இல்ல, அவ்வளவுதான்."

"சக்தி ஏத்தின துணிம்மா அது!" என்றார் கண்ணொளியார். "நோய் அதுல தங்காது. சுட்டுடும்."

"அப்பச் சரி. அதே துணியால உங்க மூஞ்சிய ஒரு தடவ துடைச்சுக் காட்டுங்க."

கண்ணொளியார் துணியைப் பார்த்தார். துணி சொட்டியது. "எனக்கு... நான் துடைச்சுக்கறது முறையில்ல."

"ஏன் தயங்குறாரு?" என்றார் ரெஃபரி. அவருக்கு எதிரில் இருப்பது மங்கலாக ஒரு வெள்ளை உருவம்தான். ஆனால் தயங்குகிற ஆட்டக்காரனைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவார். "எனக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் சார். இந்தக் கண்ண நம்பித்தான் உக்காந்திருக்கேன். நீங்க துடைச்சுக்குங்க. நீங்க துடைச்ச மறுநிமிஷம் நான் துடைச்சுக்கறேன்."

கூட்டம் எட்டிப் பார்த்தது. கண்ணொளியார் துணியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒரு சாண் தூரத்தில் கை நின்றுவிட்டது. துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "தியான நேரம்" என்று சொல்லித் தட்டிக்குப் பின்னால் போனார். தண்ணீர் சலசலவென்று விழும் சத்தம் கேட்டது.

சாவிக்காரன் முதல் தடவையாக ஒரு மனிதரை இழுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தான். தட்டியை இழுத்தான். அது சாய்ந்து விழுந்தது.

தியான அறையில் ஒரு கைகழுவும் தொட்டி இருந்தது. கண்ணொளியார் முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டிருந்தார். தொட்டி மேல் மூன்று சோப்பு, ஒன்று தேய்ந்து இலையாகியிருந்தது. பக்கத்தில் கைக்குப் போடும் கிருமிநாசினி பாட்டில். ஆணியில் ஒரு வெள்ளைத் துண்டு. அதன் மேல் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'என்னுடையது. வேறு யாரும் தொடாதீர்.'

சாவிக்காரன் தன் சிவந்த கண்ணால் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தான். அப்புறம் அப்பாவின் கையைப் பிடிக்கப் போனவன், சட்டென்று நின்று, மனைவியைப் பார்த்தான். "நீ கூட்டிட்டுப் போ. நான் கை கழுவல" என்றான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் சொன்ன முதல் அறிவான பேச்சு அது.

அவள் தொட்டிக்குப் போய், ஒரு புது சோப்பைப் பிரித்து முகத்தையும் கையையும் நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து மாமனாரை எழுப்பினாள். அதற்குள் கண்ணொளியார் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டிவிட்டார். பூக்கடை அம்மா மட்டும், "அப்ப இந்தக் கண்ணாடியாவது வேலை செய்யுமா?" என்று கேட்டாள். வெயிலுக்கு நல்லது என்று சொல்லி வைத்தாள் கேக் அக்கா.

வியாழக்கிழமை டாக்டர் ரெஃபரியின் கண்ணை விரித்துப் பார்த்தார். துளிச் சிவப்பு இல்லை. ஆபரேஷன் முடிந்து வெள்ளிக்கிழமை கண் கட்டைப் பிரித்தார்கள். ரெஃபரி முதலில் பார்த்தது மருமகளை. பார்த்தவர் கண் கலங்கினார். துடைக்கக் கையைக் கொண்டுபோனார்.

"கை கழுவியாச்சா மாமா?" என்றாள் அவள்.

ஆக, அந்தக் கூடத்தில் நோய் எப்படிப் பரவுகிறது என்று சரியாகத் தெரிந்துவைத்திருந்தவர் ஒருவர் உண்டு. நாள் தவறாமல் சோப்புப் போட்டார், தனித் துண்டு வைத்தார், அடுத்தவர் துணியை முகத்தில் வைக்கமாட்டேன் என்றார். மூன்று வாரம் இருநூறு பேர் நடுவில் உட்கார்ந்தும் அவருக்குக் கண் சிவக்கவில்லை. அவர் சொன்னதைத்தான் ஊரே கேட்டது. அவர் செய்ததை எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. உங்கள் ஊருக்கும் இப்படி ஒருவர் வருவார். அவர் எதிரில் கண்ணை மூடி உட்காருவதற்கு முன்னால், தட்டிக்குப் பின்னால் சோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.