வால்வு அண்ணனும் அவர் மச்சானும்

"...அப்போ கல்யாணம் கெட்டுனா கால் மொளச்சிரும்னு உங்க ரூல்ல போட்டிருக்கா சார்?"

அபுதாபி ருவைஸில் எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனியின் அட்மின் ஆபீஸ். ஏ.சி. இரைச்சலையும் மீறி இப்படிக் கேட்டவர் வால்வு அண்ணன். கேட்கப்பட்டவர் சென்னைக்கார அட்மின் சார். இருவருக்கும் நடுவே மேசை மேல், ஷூவும் சாக்ஸும் போட்டபடி ஒரு செயற்கைக் கால் படுத்திருந்தது. மூலையில் டைம்கீப்பர் நாற்காலியில் இருந்த நான், சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

தளர்ந்த மூடி ஒன்றைப் பார்த்துவிட்டு அதை இறுக்காமல் கடந்து போகத் தெரியாத ஒரே மனிதர், வளைகுடா தேசங்கள் அத்தனையிலும் வால்வு அண்ணன்தான். முட்டம் பக்கத்துக் கடற்கரைக்காரர். பிளாண்ட்டில் வால்வு டெக்னீஷியன். டூட்டி முடிந்தாலும் கை நிற்காது. மெஸ்ஸில் ஊறுகாய் பாட்டிலை அவர் மூடினால், அதைத் திறக்கப் பஞ்சாபிக்காரன் ஒருவனைத் தேடிப் போகவேண்டும். ஒருமுறை ஜெபக்கூட்டத்தில் போதகரின் தண்ணீர் பாட்டிலை இறுக்கிவிட்டார். அந்த மனிதர் திருகித் திருகிப் பார்த்து, கடைசியில் வறண்ட தொண்டையோடே பிரசங்கம் செய்து முடித்தார்.

"என்ன அண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"வெள்ளம் கெடக்கட்டும், பிரசங்கம் சீக்கிரம் முடிஞ்சுதா இல்லியா, அதச் சொல்லு."

சைட்டில் ஒருநாள் பைப் உருண்டு அவருடைய வலது காலை முட்டிக்குக் கீழே கொண்டுபோனது. எழுந்து உட்கார்ந்ததும் செயற்கைக் கால் வந்தது. அதற்கு 'மச்சான்' என்று பெயர் வைத்தார். "இன்னைக்கி மச்சான் மொறைக்கான்" என்றால் வார் உறுத்துகிறது என்று அர்த்தம். "மச்சான் தூங்கட்டும்" என்றால் ஊன்றுகோல் எடு என்று அர்த்தம்.

கம்பெனி அவரை டூல் ஸ்டோரில் உட்காரவைத்து, ஊனப்படி கொடுத்து, கூடமாட ஒத்தாசைக்கு ஓர் ஆளையும் போட்டது. அவன்தான் ரஃபீக். பங்களாதேஷ்காரன். அதுவரை கேம்ப் பெருக்கிக்கொண்டிருந்தவன். மச்சானை மாட்டிவிடுவது, குளியலறைக்குத் தூக்கிப் போவது, பஸ் ஏற்றி இறக்குவது எல்லாம் அவன் வேலை. அவனுடைய விசா அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே ரூமில் இருந்து இருந்து, சுத்தமான கன்னியாகுமரித் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டான். டாக்காவிலிருந்து வந்தவன் காலையில் என்னைப் பார்த்து, "லேய் மக்கா, சாயா குடிச்சாச்சா?" என்று கேட்கும்போது எனக்கே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் கிளினிக் நர்ஸ் ஸ்டெல்லா வந்தாள். குளச்சல்காரி. வார் உறுத்திய புண்ணுக்கு மருந்து போடப் போன அண்ணன், அவளுடைய டெட்டால் பாட்டில் மூடியை இறுக்கிவைத்துவிட்டு வந்தார். மறுநாள் கிளினிக் வாசலிலேயே அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஓய், அந்த மூடியத் தொறந்து தந்துட்டுப் போவும். இல்லேன்னா தெனமும் வந்து தொறந்து தரணும்."

அண்ணன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். லீவில் ஊருக்குப் போய்க் கல்யாணமும் முடித்துத் திரும்பினார்கள். ஸ்டெல்லாவுக்கு ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

அங்கேதான் வந்தது வினை. சம்பாதிக்கும் மனைவியோடு குடிபோனால் ஊனப்படி குறையும். உதவியாளும் கிடையாது, அது கேம்ப்பில் தனியாக இருப்பவர்களுக்கு மட்டும்தான். ரஃபீக் விசா கேன்சல், நேரே ஏர்போர்ட்.

"படி போனா போட்டும்," என்றார் அண்ணன். "இவன் போனா நான் யாரோட சண்ட போடுவேன்?"

ஆக, புது மாப்பிள்ளை கேம்ப்பில், புதுப்பெண் குவார்ட்டர்ஸில். ஸ்டெல்லா வைக்கும் மீன்குழம்பு ரஃபீக் கையில் வரும். வரும் வழியில் ஒரு துண்டு குறையும். "மக்கா, மீனு நீந்திப் போயிட்டு" என்பான் அவன்.

ரூம்காரர்கள் கூடி யோசனை சொன்னோம். வெள்ளிக்கிழமை மட்டும் அண்ணன் ஊன்றுகோலோடு குவார்ட்டர்ஸ் போவது. கட்டிலில் மச்சானைப் படுக்கவைத்து, தலையணைகளை அண்டக்கொடுத்து, கம்பளியைப் போர்த்தி, பாதத்தை மட்டும் வெளியே நீட்டிவிடுவது. கேம்ப் பாஸ் கான் சாப் எட்டிப் பார்த்தால் ஆள் தூங்குகிறார். பெஷாவர்க்காரர் அவர், கதவளவு உயரம். வாரம் தவறாமல் எட்டிப் பார்த்தார், "அச்சா, சோ ரஹா ஹை" என்று திருப்தியாகப் போனார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்த நேரம், தீயணைப்பு ஒத்திகை மணி அடித்துவிட்டது. எல்லோரும் வெளியே ஓடினோம். கான் சாப் ரூம் ரூமாகப் பார்த்து வந்தார். மணி அலறியும் கட்டிலில் 'அண்ணன்' அசையவில்லை.

"யல்லா, உட்டோ பாய்! ஆக் லக்கீ!" எழுந்திரு, தீப்பிடித்துவிட்டது என்று கத்தினார்.

அசையவில்லை. கான் சாப் பதறிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தார். கால் மட்டும் வந்தது.

அவர் போட்ட சத்தத்தில் மணியே அடங்கிவிட்டது போல் இருந்தது. பதற்றத்தில் மச்சானை மறந்துபோய், செத்த மனிதனின் காலைப் பிடுங்கிவிட்டோம் என்று நினைத்து, அதை மார்போடு அணைத்தபடி வராந்தாவில் உட்கார்ந்து அழுத அவரைத் தேற்ற எங்களுக்கு வெகுநேரம் ஆனது.

அப்படித்தான் மறுநாள் மச்சான் அட்மின் சார் மேசைக்கு வந்தான். அண்ணனுக்கு ஒரு பக்கம் ரஃபீக், மறுபக்கம் யூனிஃபார்மோடு ஸ்டெல்லா, வாசலில் கான் சாப்.

"உங்க மிஸஸே நர்ஸ். அப்புறம் ஹெல்பர் எதுக்கு?" என்று சார் ஆரம்பித்தார். அதற்குத்தான் அண்ணன், கால் முளைக்குமா என்று கேட்டது.

சார் வாய் திறப்பதற்குள் ஸ்டெல்லா, "பகல் முழுக்க பேஷண்ட்ட தூக்கி எறக்குதேன் சார். வீட்டுலயும் அதத்தான் செய்யணும்னா அது கல்யாணமா, ஓவர்டைமா?" என்றாள்.

"நான் என்னம்மா பண்றது? கேம்ப்ல பெட் இருந்தாத்தான் ஹெல்பர். இவர் அங்க இல்லையே."

"ஹை சாப்," இருக்கிறார் என்றார் வாசலிலிருந்து கான் சாப். எல்லோரும் திரும்பினோம். அந்தப் பெரிய உருவம் மேசையைச் சுட்டிக்காட்டியது. "ஆதா ஆத்மி கேம்ப் மே ஹை. மைனே அப்னே ஹாத் ஸே பக்டா." பாதி ஆள் கேம்ப்பில்தான் இருக்கிறார், என் கையாலேயே பிடித்தேன் என்கிறார்!

அட்மின் சாருக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "கேம்ப் பெட் உங்க பேர்லயே இருக்கட்டும். ரஃபீக்கும் இருக்கட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க. ஆனா உங்க படி குறையும், அதுல நான் கை வைக்க முடியாது" என்றார்.

"குறைங்க சார்."

ரஃபீக் மச்சானை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான். நாள் தவறாமல் செய்கிற வேலை. அன்று மட்டும் வாரை இழுக்கிறான், கொக்கி மாட்டவில்லை. "இறுக மாட்டேங்கு மக்கா" என்றான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

வால்வு அண்ணன் குனிந்தார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இறுக்காதலே. இன்னைக்கி கொஞ்சம் லூசாவே கெடக்கட்டும்" என்றார். அப்படியே அவன் தோளை ஊன்றி எழுந்து, அரைகுறையாக ஆடிய மச்சானோடு வீட்டுக்கு நடந்தார்.