தர்ம தரிசனத்தில் என் வீட்டுக்காரர்

எங்கள் அக்ஷயா தன் அப்பாவை "நைனா" என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டாள். "ட்ரிங் ட்ரிங்" என்பாள். அதற்குத்தான் அவர் தலை நிமிரும். நாலு வயசுப் பிள்ளை, பாவம், தானே கண்டுபிடித்த வழி.

என் வீட்டுக்காரர் ஹேமநாத் தங்கமான மனுஷன். ரேணிகுண்டாவில் லேத் பட்டறையில் வேலை. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. போன் மட்டும்தான். பல் விளக்கும்போது போன், சாப்பிடும்போது போன். ஒருநாள் பக்கத்தில் வைத்திருந்த டீயைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "இன்னிக்கு குழம்பு சூப்பர் காஞ்சனா" என்றார். நானும் திருத்தவில்லை. அடுப்பில் குழம்பு அப்படியே மிச்சம்.

எதைக் கேட்டாலும் "ம்ம்"தான்.

"ஏங்க, பக்கத்து வீட்டு எருமையை நம்ம ரூம்ல கட்டிக்கட்டுமா?"

"ம்ம். கட்டு."

"அக்ஷயா கூப்ட்டுக்கினே இருக்கா. ஒரு வார்த்தை பேசுங்களேன்."

"பேசறேன், பேசறேன். இந்த ஓவர் முடியட்டும்."

இப்படி எத்தனை ஓவர் முடிந்தது என்று அவருக்கும் தெரியாது, அந்தப் பிள்ளைக்கும் தெரியாது.

அப்போதுதான் எனக்குத் திருமலை ஞாபகம் வந்தது. கோயிலுக்குள் போன் கூடாது. கவுண்டரில் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். காசில்லாத தர்ம தரிசன வரிசையில் போனால் காம்பார்ட்மெண்ட் என்ற ஹாலுக்குள் உட்காரவைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அரை நாளாவது ஆகும். எல்லாரும் "சீக்கிரம் விடு கோவிந்தா" என்று கும்பிடுவார்கள். மெதுவா விடு கோவிந்தா என்று வேண்டிக்கொண்டு கிளம்பியவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஆனால் அவர் லேசுப்பட்டவரா? போனிலேயே முந்நூறு ரூபாய் டிக்கெட் போட்டுவிட்டார்.

"காலைல உள்ள போறோம், சட்டுனு வெளிய வரோம். மத்தியானம் பைனல் மேட்ச். எப்டி என் பிளானு?"

"சூப்பருங்க" என்றேன். என் பிளான் கவிழ்ந்தது.

"டிக்கெட்டை தாள்ல எடுத்து வெச்சுட்டேன். ஆதார் கார்டுங்க மட்டும் நீ எடுத்துக்க. மறந்துடாத."

"மறப்பேனா?"

மறக்கவில்லை. இடுப்பில் செருகிய குட்டிப் பர்சில் பத்திரமாக இருந்தது.

போனைக் கவுண்டரில் கொடுக்கும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே. பிள்ளையை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வருகிற தகப்பன் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்தார். டிக்கெட் வாசலில் காவலர் கையை நீட்டினார்.

"ஆதார் எக்கட?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். துண்டு, பிஸ்கெட், தண்ணீர் பாட்டில், பிள்ளையின் கவுன் என்று ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டு, நெஞ்சில் கைவைத்தேன்.

"ஐயையோ! டிவி மேல வெச்சேங்க. அங்கயே இருக்கு!"

"இன்னாடி இது! உன்னை வெச்சுக்கினு நான் இன்னா பண்ணுவேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு காவலரிடம் ஓடினார். "சார், ஆதார் ஃபோட்டோ போன்ல உந்தி சார்!"

"போன் எக்கட?"

"கவுண்டர்ல..."

"அய்த்தே தர்ம தரிசனம் வெள்ளண்டி" என்று காவலர் பக்கத்து வரிசையைக் காட்டினார். பெருமாளே, பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள் என்று அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

காம்பார்ட்மெண்ட் கதவைப் பூட்டினார்கள். அவர் சட்டைப்பையைத் தட்டினார். பிறகு பேண்ட்டைத் தட்டினார். வெறும் உள்ளங்கையைக் கட்டைவிரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார். சுவரில் இருந்த போர்டைத் தெலுங்கில் படித்தார், தமிழில் படித்தார், தெரியாத இந்தியிலும் படித்தார். உப்புமா கொடுத்தார்கள். அது உப்புமா என்று தெரிந்தே சாப்பிட்டார். மத்தியானம் ஆனதும் பொறுக்க முடியாமல் ஜன்னல் பக்கம் நின்ற காவலரைக் கூப்பிட்டார்.

"அண்ணா, ஸ்கோர் எந்த்தா?"

"கோவிந்தா அனண்டி!" என்று சாமி பேரைச் சொல்லச் சொல்லி அதட்டினார் காவலர். ஹாலே "கோவிந்தா!" என்று முழங்கியது.

தோற்றுப்போய் வந்து உட்கார்ந்தவரை, என் மடியில் படுத்திருந்த அக்ஷயா தூக்கக் கலக்கத்தில், பழைய ஞாபகமோ என்னவோ, "நைனா" என்றாள்.

"இன்னாம்மா?" என்று உடனே குனிந்தார்.

பிள்ளை திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவை கூப்பிட்டதுமே திரும்புவார் என்று அவள் நினைக்கவே இல்லை. சொல்வதற்கு ஒன்றும் தயாராக வைத்திருக்கவில்லை. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அவர் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"உன் பல்லு ஏன் உடைஞ்சிருக்கு?"

"அதுவா? இத்தனூண்டு இருக்க சொல்லோ, நின்னுக்கினு இருந்த கரும்பு லாரியில ஒரு கரும்பைப் பல்லால கடிச்சு இழுத்தேன். லாரி கிளம்பிடுச்சு."

"பல்லு?"

"பல்லு புத்தூருக்குப் போயிடுச்சு."

அக்ஷயா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் மொட்டைத் தலையோடு தூங்கிக்கொண்டிருந்த குடும்பமே எழுந்துகொண்டது. "இன்னொரு வாட்டி சொல்லு நைனா, இன்னொரு வாட்டி!" சொல்லச் சொல்ல லாரி பெரிதானது, கரும்பு நீளமானது. ஆறு வருஷமாகக் குடித்தனம் பண்ணுகிறேன், அந்தப் பல் எனக்கே புதுசு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் கதவைத் திறந்தார்கள். "அதுக்குள்ளயா?" என்று கேட்டது நான் இல்லை, அவர்.

சன்னிதியில் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று தள்ளுகிறார்கள். கண் மூடித் திறப்பதற்குள் தரிசனம். அந்த நேரத்திலும் என் பக்கத்தில் ஒரு முணுமுணுப்பு.

"பெருமாளே, மேட்சை ஜெயிக்க வெச்சுடு. குடும்பத்தோட நடந்தே மலையேறி, இதே தர்ம தரிசனத்துல வந்து உன்னைப் பாக்கறேன்!"

எனக்கு மட்டும்தான் கேட்டது.

வெளியே வந்தபோது விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். லட்டு கவுண்டரில்தான் நான் மாட்டினேன். கூடுதல் லட்டு வேண்டுமானால் ஆதார் காட்டச் சொன்னார்கள். மாமியாருக்கு, நாத்தனாருக்கு, பக்கத்து வீட்டு எருமைக்காரம்மாவுக்கு என்று மனசு கணக்குப் போட்டதில் கை தானாக இடுப்புக்குப் போய், பர்சைத் திறந்து, கார்டை நீட்டிவிட்டது.

"காஞ்சனா."

திரும்பினேன்.

"டிவி மேல இருந்த கார்டு இங்க எப்டி வந்துச்சு?"

"பெருமாள் மகிமைங்க."

"மகிமையா? என் பைனலைத் துன்னுட்டு மகிமையா? இனிமே உன் பேச்சைக் கேட்டு இந்த மலைக்கு வந்தா என் பேரு ஹேமநாத் இல்ல!"

கோபத்தோடு போய்ப் போனை வாங்கினார். பார்த்தார். "ஜெயிச்சுட்டோம்டி!" என்று கத்தி, முன்பின் தெரியாத ஒரு மொட்டைத் தலைக்காரரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்.

நான் லட்டுப் பையின் முடிச்சைப் போட்டேன்.

"ஏங்க, அப்ப எப்ப கிளம்பலாம்?"

"எங்க?"

"நடந்தே மலையேறி வரேன்னு சாமிகிட்ட சொன்னீங்களே."

சிரிப்பு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார், கோபுரத்தைப் பார்த்தார். அக்ஷயா "நைனா" என்றாள். உடனே குனிந்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, விறைப்பாகச் சொன்னார்:

"வரேன். ஆனா இந்த வாட்டி ஆதார் கார்டு என் பாக்கெட்லதான் இருக்கும்."

"வெச்சுக்கோங்க" என்றேன். "நீங்க வேண்டிக்கினது தர்ம தரிசனம். அதுக்குக் கார்டே வேணாங்க."