ஈரக்கரைக் குழுவும் அதன் அருமை ரசிகர்களும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. கோடையில் அதில் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஓர் இசைக்குழு இருந்தது. பேர் ஈரக்கரை. கொண்டல் என்ற தவளை பாடும், தொந்தி என்ற தவளை கொட்டும், குமிழி என்ற தவளை கூடப் பாடும்.

முதல் மழைக்காலத்தில் மூன்றும் கரைக்கல்லில் ஏறித் தொண்டை வெடிக்கப் பாடின. காடே பைத்தியமானது. ஒருநாள் பாட்டின் நடுவில் கொட்டுச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் தொந்தியைக் காணோம். சாரைப்பாம்பின் வால் மட்டும் புதருக்குள் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு வந்த புதுப் பாட்டுகள் இரண்டையும் கொண்டலும் குமிழியும் தாமரை இலைக்கடியில் ஒளிந்துகொண்டு மெதுவாகப் பாடின. புதர் அசைந்தால் நிறுத்தும். அடங்கினால் தொடரும்.

ரசிகர்களின் செல்போன் குழுவில் சண்டை மூண்டது.

"இது பாட்டா? முணுமுணுப்பு," என்றது ஓணான். எந்தப் பாட்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டுவதால் அதற்கு இசை தெரியும் என்று பேர். "முதல் பாட்டுல எப்படி உயிரைக் கொடுத்துப் பாடினான்! இப்ப பெரிய ஆளாயிட்டான்ல, உடம்பு வளைய மாட்டேங்குது."

"பூமர் மாதிரி பேசாதீங்க ப்ரோ," என்றது அணில். அது போன மாதம்தான் ரசிகரானது. "நடுவுல ஒரு மௌனம் விடுறாரே, அதுக்கே கோயில் கட்டலாம்."

அந்த மௌனத்தின்போது கொண்டல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேற்றில் கிடந்தது.

குழுவின் அட்மின் நிதானமாக எழுதியது: "எனக்கு ரெண்டுமே பிடிக்கும். ஆனா பழைய பாட்டுல ஒரு தெளிவு. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலே யார் எந்தக் கல்லுமேல உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லிடலாம்."

"கேட்கத் தெரிஞ்ச ஒரே ஆளு நீங்கதான் சார்," என்று எல்லாம் உருகின. அட்மின் வேறு யாருமில்லை, சாரைப்பாம்புதான்.

கொண்டல் கரையேறி வந்து கெஞ்சியது. "சத்தமாப் பாடினா சாரை வருதுண்ணே. தொந்தியை முழுங்கினதே அதுதான்."

"கலைஞன் சாக்குச் சொல்லக் கூடாது," என்றது ஓணான். "சாரை சார் ஒரு கச்சேரி விடாம முன்வரிசையில உட்கார்றவரு. அவரைப் போய்!"

"நீங்க காரணத்தைச் சொல்லியிருக்கவே கூடாது ப்ரோ," என்று அணில் நொந்துகொண்டது. "அந்த மௌனத்துல இருந்த மர்மமே போச்சு."

கடைசியில் இரண்டு கோஷ்டியும் ஒன்றுசேர்ந்து முடிவு சொல்லின. கொண்டல் கல்லில் ஏறிப் பழைய பாட்டைப் பழைய மாதிரியே பாட வேண்டும். இல்லாவிட்டால் அத்தனை பேரும் சில்வண்டுக் குழுவுக்குப் போய்விடுவார்கள்.

"போகட்டும், விடு," என்றது குமிழி. கொண்டலால் விட முடியவில்லை. அதற்குச் சாவு பயம்தான். ஆனால் கேட்க ஆளில்லாமல் வாழ்வது அதைவிடப் பயமாக இருந்தது. பாடுகிற எல்லோருக்கும் இந்தக் கோளாறு உண்டு, மருந்து கிடையாது.

கொண்டல் கல்லில் ஏறியது. தொண்டையை உப்பிக்கொண்டு பாடியது. காடே அழுதது, ஓணான் தலையாட்டியது. கடைசி அடியில் குரல் இதுவரை யாரும் கேட்டிராத உச்சத்துக்குப் போய், சட்டென்று நின்றது.

"என்னா ஒரு முடிவு!" என்று அணில் துள்ளியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. கல் காலியாக இருந்ததை அதற்குப் பிறகுதான் கவனித்தார்கள்.

இரங்கல் கூட்டத்துக்குச் சாரை தலைமை தாங்கியது. வயிறு நிறைந்திருந்ததால் அதிகம் பேச முடியவில்லை. துக்கம் தொண்டையை அடைக்கிறது என்று எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அந்த முணுமுணுப்புப் பாட்டு ரெண்டுலயும் எவ்வளவு வலி!" என்று தேம்பியது ஓணான். "அதுக்கு ஈடே கிடையாது. நான் அன்னைக்கே சொன்னேன்."

பிறகு எல்லோரும் குமிழியிடம் போய், அடுத்த பாட்டு எப்போது என்று கேட்டார்கள். குமிழி தண்ணீருக்குள் குதித்தது, அப்புறம் வாயே திறக்கவில்லை. இந்தக் காலத்துக் கலைஞர்களுக்கு அர்ப்பணிப்பே இல்லை என்று குழுவில் எழுதினார்கள். சாரை அதற்கு இதயம் போட்டது.

நீதி: ஆள் போன பிறகுதான் எந்தப் பாடகனின் புதுப் பாட்டும் நன்றாக இருக்கும், உண்மையான ரசிகன் அதற்குத் தன்னாலான ஒத்தாசையைச் செய்ய வேண்டும்.