மூக்குப் பாசும் ஆயம்மாவின் முன்பல்லும்

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அக்கரப்பத்தனையில் மூக்குப் பாஸ் அளந்து பார்க்காத முகம் எதுவும் கிடையாது. கட்டட வேலை செய்கிறவரை எங்கள் பக்கம் ‘பாஸ்’ என்போம். இவருடைய தொழில் தண்ணீர்த் தாங்கி கட்டுவதும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர் பூசுவதும். ஆனால் மனிதருக்குக் கவனமெல்லாம் அடுத்தவர் மூக்கில். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து நம் முகத்துக்கு நேராகப் பிடிப்பார். நாம் சொல்ல வந்தது நமக்கே மறந்துவிடும்.

ஒருமுறை சீமெந்து வாங்கப் போன இடத்தில், “நானா, ஒங்க எடது காது கொஞ்சம் கீழ எறங்கியிருக்குங்க” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். நானா ஒரு மாதம் மூக்குக் கண்ணாடியை நிமிர்த்தி நிமிர்த்தியே வியாபாரம் செய்தார். ஹட்டன் பஸ்ஸில் ஒருவரின் தாடையை உற்றுப் பார்க்க, அந்த ஆள் சண்டைக்கு எழுந்துவிட்டார். “இப்பத்தாங்க எலும்பு நல்லா தெரியுது. அப்பிடியே கோவமா இருங்க” என்றாராம் பாஸ். மீதித் தூரத்தை நடந்து கடந்தார்.

சிலை செய்வதில் அவருக்குப் பெயர் உண்டு. கோயிலுக்கு அவர் செய்த பிள்ளையாரை யாரும் குறை சொன்னதில்லை. பிள்ளையாரை நேரில் பார்த்தவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. மனுஷியைச் செய்யச் சொன்னபோதுதான் வம்பு வந்தது.

கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் பிள்ளைக்காம்பரா. அதைப் பல வருடம் ஆண்ட ஆயம்மா காலமானார். தோட்டத்தில் பாதிப் பேர் அவர் கையால் பால் குடித்தவர்கள். மார்பளவுச் சிலை ஒன்று வைப்பதென்று குழு போட்டோம். பாடசாலை வாத்தியார் என்பதால் நான் செயலாளர். பாசிடம் கொடுக்க எங்களிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான்.

குடைக் கம்பியை வளைத்து அளவுகருவி செய்து, படத்தை அளந்து அளந்து, களிமண்ணில் மூன்று வாரம் வேலை பார்த்தார். ஆயம்மாவின் கணவர் ராமையாவைக் கூட்டிவந்து காட்டினோம். அவர் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

“ரொம்ப நல்லாருக்கு பாசு” என்றார். “யாரு இது?”

பாஸ் ஈரச் சாக்கை எடுத்துச் சிலையை மூடினார். குழுவில் இருந்த தோட்டத் தலைவருக்குப் பொறுமை போய்விட்டது. “கண்டியில சொல்லி செஞ்சுக்குவோம் சேர்” என்றார் என்னிடம். பாஸ் கெஞ்சி ஒரு வாரம் வாங்கினார்.

அந்த வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. லயம் லயமாக நடந்து, “ஆயம்மாவ நெனச்சா ஒங்களுக்கு மொதல்ல என்ன தெரியுது?” என்று கேட்டார். கேட்டவரெல்லாம், வெற்றிலை போட்டதற்கோ பிள்ளையின் மூக்கைத் துடைக்காததற்கோ தாங்கள் ஏச்சு வாங்கிய கதையைத்தான் சொன்னார்கள். கடைசியில் ராமையாவிடம் போனார்.

“போட்டோவுன்னா வாய இறுக்கி மூடிக்குவா” என்றார் ராமையா. “முன்பல்லு ஒண்ணு வெளிய நிக்கும். அதுல அவளுக்கு வெக்கம்.”

மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது களிமண் ஆயம்மாவின் உதடு லேசாகத் திறந்திருந்தது. முன்பல் தெரிந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“பாசு, அவங்க காலம் பூரா மறைச்சத நீங்க ஊருக்கே காட்டுறீங்களா?”

“அவங்க மறைச்சது போட்டோக்காரன்கிட்ட மட்டும்தான் சேர். நம்மகிட்ட எங்க மறைச்சாங்க?”

அது எனக்கும் நியாயமாகப் பட்டது. ஆனால் பயம் போகவில்லை. ராமையா மனம் நொந்தால் என்ன செய்வது? பாசுக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது. சீமெந்தில் வார்த்து முடித்த பிறகும் ராமையாவிடம் காட்டவில்லை.

திறப்பன்று தூறல். தலைவர் துணியை இழுத்தார். தலைவர் வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கியதை நான் பார்த்தேன். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் அவசரமாகத் தங்கள் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டார்கள்.

ராமையா குடையை மடக்கிவிட்டுக் கிட்டே போனார்.

“ஏசப் போறா” என்றார்.

பிறகு சிலையின் பீடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். மழை வலுத்தும் எழுந்திருக்கவில்லை. பாஸ்தான் போய்ப் பக்கத்தில் நின்று குடையை விரித்துப் பிடித்தார். பாசுக்குப் போட வாங்கிய மாலையை எல்லோரும் மறந்துபோனோம்.

இப்போது எனக்கு நுவரெலியாவில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவையாவது பாஸ் போன் எடுத்துப் பேசுவார். “விசேஷம் ஒண்ணுமில்ல சேர். சும்மா, பாக்கணும் போல இருந்திச்சு.”

நான் வேறெதுவும் கேட்பதில்லை. அடுத்த சனிக்கிழமை, அவர் அளந்து பார்க்க என் மூக்கையும் கொண்டு அக்கரப்பத்தனைக்குப் பஸ் ஏறிவிடுவேன்.