பற்றுரிமை நடைமுறையில் உள்ளது

தென்கொரியாவின் குன்சான் நகரத் துறைமுகச் சாலையில் மா தோசிக் என்பவர் மூன்று மாடிக் கட்டடம் கட்டினார். குளியலறைகளுக்கெல்லாம் டைல்ஸ் பதித்தவர் தாக் யோங்புன். ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி; இரண்டு ஆட்களை வைத்து வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர். முட்டி இரண்டும் தேய்ந்தவர். அவர் பதித்த தரையில் ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடிகாலைத் தேடிப் போய்விடும். கூலிதான் அப்படி அவரைத் தேடி வரவில்லை.

"அடுத்த மாசம், முதலாளியம்மா" என்று பதினொரு மாதங்களாகச் சொன்னார் மா தோசிக்.

இத்தகையோருக்காகச் சட்டம் கருணை கூர்ந்து ஒரு வழி வைத்திருக்கிறது. பெயர் பற்றுரிமை. காசு வரும்வரை கட்டடத்தை வேலை செய்தவரே கைவசம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கைவசம் என்றால் நிஜமாகவே கைவசம்; விட்டுவிட்டுப் போனால் உரிமையும் கூடவே போய்விடும்.

எனவே யோங்புன் "பற்றுரிமை நடைமுறையில் உள்ளது" என்று சிவப்பு எழுத்தில் துணி கட்டி, வாசலுக்குச் சங்கிலி போட்டு, பாயும் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவுமாக உள்ளே குடியேறினார். அவரிடம் வேலை பார்த்த இருவரும் கூலி கேட்டுத் தினம் போன் செய்தார்கள். யோங்புனும் "அடுத்த மாசம்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவரை வெளியேற்றச் சொல்லி மா தோசிக் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். விசாரிக்க குக் என்ற அதிகாரி வந்தார்.

"இங்க குடியிருக்கீங்களாம்மா?"

"ஆமா சார்."

"அப்போ கட்டடச் சொந்தக்காரர் சம்மதமில்லாம பயன்படுத்துறீங்க. உரிமை ரத்து."

"ஐயோ, குடியிருக்கல சார்!"

"அப்போ கைவசம் இல்ல. உரிமை ரத்து."

யோங்புன் திருதிருவென விழித்தார். "பின்ன என்னதான் சார் செய்யறது?"

"இருக்கணும். குடியிருக்கக் கூடாது. சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கு."

"உட்காரலாமா?"

"உட்கார்றது கைவசம். படுக்கறதுதான் கொஞ்சம் பயன்பாட்டுப் பக்கம் சாயுது. கட்டடப் பராமரிப்புக்கு அவசியம்னா மட்டும் விதிவிலக்கு உண்டு."

யோங்புன் நிமிர்ந்தார். "சார், இது ஜனவரி மாசம். தரையைச் சூடாக்க அடியில போற குழாயில வெந்நீரை ஓட விடலன்னா அது உறைஞ்சு வெடிச்சிரும்."

"ஓட விடுங்க. அது பராமரிப்பு."

"சூடு எல்லா இடத்துக்கும் பரவுதான்னு பார்க்கணுமே? கையால தொட்டா ஒரு இடம்தான் தெரியும். முதுகால பார்த்தா..."

குக் பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார்: முதுகு வழி வெப்பப் பரிசோதனை, தினசரி எட்டு மணி நேரம்.

"அப்புறம் கக்கூஸ் சார். தண்ணி ஊத்தலன்னா குழாய் காஞ்சு நாத்தம் ஏறும்."

"வெறும் தண்ணி மட்டும்தானே?"

"வெறும் தண்ணிய ஊத்தி, வேலை செய்யுதுன்னு எப்படி சார் நம்பறது?"

அதையும் எழுதி முத்திரை குத்தினார்.

அந்நாளில் ஊரின் இளைய தலைமுறைக்குப் பூசாத சுவரும் தொங்கும் ஒயரும் உள்ள காபிக்கடைகள்மேல் பைத்தியம் பிடித்திருந்தது. இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சித்தி, உள்ள இடம் இருக்கா?"

"இது கடை இல்லம்மா. காசு வரல, அதான் உட்கார்ந்திருக்கேன்."

"அய்யோ, கான்செப்ட் செம!"

"போங்கடி அந்தப் பக்கம்!"

"திட்டக்கூடச் செய்றாங்க, பாரேன்!"

ஞாயிற்றுக்கிழமைக்குள் வரிசை மீன் சந்தைவரை நீண்டது. காபி கொடுத்தால் பயன்பாடு ஆகிவிடும் என்பதால் யோங்புன் எதுவும் கொடுக்கவில்லை. எதுவும் கொடுக்காத கடை என்று புகழ் இன்னும் பரவியது.

திங்களன்று, அந்தக் கூட்டத்தை வைத்துத் தானே கடை நடத்தும் ஆசையில் மா தோசிக் ஓடி வந்து மொத்தத் தொகையையும் யோங்புனின் வங்கிக் கணக்கில் போட்டார். யோங்புன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை ஏழு தடவை பார்த்தார். வேலையாட்கள் இருவருக்கும் கூலியை அனுப்பிவிட்டு, துணியை அவிழ்க்கப் போனார்.

"அதைத் தொடாதீங்க! அதுதான் கடையே!" என்று அலறினார் மா தோசிக்.

விஷயம் குக் வரை போனது. "கூலிக் கடன் இல்லாம பற்றுரிமைத் துணி கட்டினா பொய் அறிவிப்பு. அபராதம்" என்றார் அவர்.

"அப்போ கடன் வேணும்?" என்று கேட்டார் மா தோசிக்.

"கட்டாயம்."

மா தோசிக் யோங்புனின் கைகளைப் பிடித்துக்கொண்டார். "மூணாவது மாடித் தரைக்கும் டைல்ஸ் போடுங்க, முதலாளியம்மா. சத்தியமா ஒரு காசு தர மாட்டேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"முத்திரையோட!"

"உட்கார்றதுக்குத் தனியா சம்பளம். அதுவும் முன்பணமா."

"சரி."

வசந்தம் வருவதற்குள் தெரு முழுக்கச் சிவப்புத் துணிகள். கூலி தராததை மறைத்துவந்த முதலாளிகள், "நான் நாலு பேருக்குத் தரல", "நான் ஆறு பேருக்கு" என்று மார்தட்டினார்கள்.

தெருக்கோடிக் கட்டடத்தில் பியோ என்ற எலக்ட்ரீஷியனும் துணி கட்டி உட்கார்ந்தார். அவருக்கு நிஜமாகவே காசு வரவில்லை.

"நம்புங்க, ஒரு காசு தரல! வீட்டு வாடகை கட்டி மூணு மாசமாச்சு!" என்று அழுதார். கூட்டம் கைதட்டியது. பார்வையிட வந்த குக், "சூழல் இயல்பாக அமைந்துள்ளது" என்று எழுதிக்கொண்டு போனார்.

மதிய இடைவேளையில் காபிக் கோப்பையோடு வேடிக்கை பார்த்த யோங்புனிடம் ஒரு பெண் கேட்டாள்: "சித்தி, இவர் நிஜமாத்தான் சொல்றாரோ?"

யோங்புன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிஜமா இருந்தா இவ்வளவு நல்லா அழ வராதும்மா" என்றார். ஒரு மணிக்குள் அவர் தன் கைவச வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது.