பியானோவுக்குப் போட்ட ஸ்வெட்டர்

திருப்பூரில் இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனி நடத்தியவர்களுக்குப் பஞ்சு கண்ணில் படாது.

மகள் நிலாவின் பியானோ தேர்வுக்கு இருபது நாள் இருந்தபோது, பழையதாக வாங்கிய எங்கள் கிராண்டு பியானோவின் துருப்பிடித்த கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. கோயம்புத்தூரில் பியானோ பழுது பார்க்கும் தூத்துக்குடிக்காரர் அந்தோணி வந்து எல்லாவற்றையும் கழற்றினார். கம்பிகளை இழுத்துப் பிடிக்கும் பெரிய வார்ப்பிரும்புச் சட்டம், தங்க நிறம் உரிந்து சொறி பிடித்ததுபோல் இருந்தது.

"இதையும் தேய்ச்சு பெயின்ட் அடிச்சிருவோம்க்கா. கோயம்புத்தூர்ல என் ஷெட்டுக்குக் கொண்டு போறேன்."

வழியில் வண்டி குழியில் இறங்கிச் சட்டம் விரிசல் விட்டால் பியானோவும் போச்சு, தேர்வும் போச்சு. (பள்ளி வேனின் டயரைத் தினமும் அமுக்கிப் பார்த்த தாய் நான்.)

"பக்கத்துல நம்ம கம்பெனியிலயே அடிச்சுக்கலாமுங்க," என்றேன்.

"தூசி இருக்கக் கூடாதுக்கா."

"தூசியா? எங்க தரையில சோறு போட்டுச் சாப்பிடலாமுங்க."

அது பொய்யில்லை. தரையை மட்டும்தான் நான் பார்த்திருந்தேன்.

சாயங்காலம் பெயின்ட் அடித்து முடித்த அந்தோணி, "காலைல வரேன், யாரும் கிட்ட போகாதீங்க," என்று சொல்லிப் போனார். சட்டம் நகைக்கடை விளம்பரம்போல் மின்னியது. வானம் மூடியிருந்தது. பெயின்ட் காயாமல் போனால்? நான் கிட்டப் போகவில்லை. தூரத்தில் நின்றபடி, ஸ்வெட்டர் தைக்கிற ஃப்ளீஸ் துணி வெட்டும் பகுதியின் இரண்டு பெரிய ஃபேன்களை அதன் பக்கம் திருப்பி ஓடவிட்டேன்.

காலையில் சட்டத்துக்கு முடி முளைத்திருந்தது. ராத்திரி முழுக்க ஃபேன் கிளப்பிய பஞ்சு, ஈரப் பெயின்ட்டில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

அந்தோணி வெகுநேரம் பார்த்தார். "யக்கா, நான் பெயின்ட்தான அடிச்சேன்?"

என் கணவர் விரலால் தடவிப் பார்த்தார். "ஃபினிஷிங்ல குறை சொல்ல முடியாது அம்மிணி. எக்ஸ்போர்ட்டே பண்ணலாம்."

நிலா சிரிக்கவில்லை. "பதினஞ்சு நாள்தாம்மா இருக்கு," என்றாள் மெதுவாக. அதற்கு அவள் கத்தியிருந்தால் தேவலை.

நான் பயந்த அதே சாலையில் சட்டம் கோயம்புத்தூர் போனது. வண்டியின் பின்பக்கம் ஏறி, அதைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். (பிடித்து என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.) உரித்து, மறுபடி அடித்து, கம்பி கட்டிவரப் பன்னிரண்டு நாளாயிற்று. அதுவரை நிலா, கட்டிங் டேபிளில் காகிதம் ஒட்டிக் கறுப்பு வெள்ளைக் கட்டைகளை வரைந்து, அதில் வாசித்தாள்.

"தப்பா வாசிச்சா எப்படித் தெரியும் கண்ணு?"

"உங்களுக்குத்தாம்மா தெரியாது."

தேர்ச்சி பெற்றுவிட்டாள். ஆனால் தேர்வாளர், மேசையைக் குத்துவதுபோல் வாசிப்பதாகக் குறிப்பு எழுதியிருந்தார்.

முடிவு வந்த அன்றே நிலா கம்பெனியில் ஒரு வாஷ்கேர் லேபிள் அச்சடித்து வாங்கிவந்து பியானோவின் காலில் கட்டினாள்: 'தனியாகத் துவைக்கவும். ஃபேன் காற்றில் உலர்த்தக் கூடாது.'

வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் காபி போட எழுந்துவிடுவேன். நிலா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் பால் இரண்டு முறை பொங்கிவிடும்.