திறப்பும் விதை வெங்காயமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை பிறந்த பயந்தாங்கொள்ளிகள் எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் முதலாவதாக நிற்க வேண்டியவள் திறப்பு. ஆனால் நிற்கமாட்டாள். அறையைப் பூட்டினேனா என்று பார்க்கத் திரும்பிப் போயிருப்பாள்.

பெற்றோர் அவளுக்கு நல்லதொரு பெயர் வைத்திருந்தார்கள். கம்பஸில் ஒருவருக்கும் அது ஞாபகமில்லை. பிள்ளையார் பென்டனோடு சேர்த்து அறைப் பூட்டின் திறப்பையும் கறுப்பு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தபடியால் அவள் திறப்பு. விரிவுரையாளர் ஒருவரே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டார்.

இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து உடுவிலில், மருதனார்மடத்துக்குக் கிட்ட, வெங்காயம் செய்கிற ஒரு கமக்காரர் வீட்டின் பக்க அறையை வாடகைக்கு எடுத்தோம். அவரை ஐயா என்போம், அவர் மனைவியை அம்மா என்போம். நல்ல அறை, நல்ல தண்ணீர்க் கிணறு, நடக்கும் தூரத்தில் பஸ். ஒரேயொரு குறை, எங்கள் தலைக்கு மேலே கூரை வளைமரம் முழுக்க அடுத்த போகத்துக்கான விதை வெங்காயம் பிடிபிடியாகத் தொங்கியது.

"ஐயா, உதுகளை எப்ப எடுப்பியள்?" என்று முதல்நாளே கேட்டேன்.

"ஏன் எடுப்பான்? அறை உங்களுக்கு. வளை எனக்கு."

வளை அவருடையது என்றால் வளைக்குப் போகிற வழியும் அவருடையதுதானே? அவரிடம் இன்னொரு திறப்பு இருந்தது. நினைத்த நேரம் ஏணியோடு வருவார். மரியாதையான மனிதர், வருமுன் இருமத் தவறமாட்டார். ஆனால் அந்த இருமல் எங்களுக்குக் கேட்கும்போது ஏணியின் பாதி உள்ளே வந்திருக்கும். குளித்துவிட்டு வந்தவள் அலுமாரிக்குப் பின்னால் ஒளிவாள். படுத்திருந்தவள் போர்வையை இழுத்து மூடிச் செத்தவள் மாதிரிக் கிடப்பாள். ஐயா எங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அழுகியதை நுள்ளி எடுத்து, மிச்சத்தைத் தடவிக்கொடுத்து, "இண்டைக்குச் சுகமாய் இருக்கினம்" என்று சொல்லிக்கொண்டு இறங்குவார். எங்களை ஒருநாளும் சுகம் விசாரித்ததில்லை.

இப்போது சிரிப்பாகச் சொல்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. ஒருத்தி உடுப்பு மாற்றினால் இன்னொருத்தி கதவுக்கு முதுகு கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டும். நித்திரையிலும் காது கதவடியில்தான் கிடந்தது. கேட்கவும் பயம், வீட்டைவிட்டு எழும்பச் சொல்லிவிடுவார் என்று. எழுத்தில் ஓர் உடன்பாடும் இல்லை. நடுவருடத்தில் வேறு அறை கிடைக்காது. அதைவிட, 'வீட்டாலை எழுப்பின பிள்ளையள்' என்ற பெயர் ஒருதரம் வந்துவிட்டால் உடுவில் முழுக்க ஒரு படலையும் எங்களுக்குத் திறக்காது.

எங்களில் மிகவும் பயந்தவள் திறப்புத்தான். வடகரையில் ஒரு கடற்றொழில் ஊர் அவளுடையது. அவள் பிறக்குமுன்பே சண்டையில் ஊர் பறிபோய்விட்டது. முகாமிலும் உறவினர் வீட்டு விறாந்தைகளிலும் வளர்ந்தவள். அங்கெல்லாம் கதவு என்றால் அவளுடைய அம்மாவின் பழைய சீலைதான்.

"பூட்டுற கதவு எனக்கு இதுதானடி முதல்" என்று வந்த அன்றே சொன்னாள்.

அந்தக் கதவை அவள் படாத பாடு படுத்தினாள். பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், படலை மட்டும் போவாள், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். பஸ் இணுவிலுக்கு வந்தபிறகு இறங்கி ஓடிய நாட்களும் உண்டு. "பூட்டினனீதானேடி!" என்று கத்துவோம். "பூட்டினது எனக்குத் தெரியும். பூட்டுக்குத் தெரியுமோ?" என்பாள். கடைசியில் கண்டக்டரே அவளைக் கண்டால், "தங்கச்சி, பூட்டியாச்சோ? பஸ்ஸை எடுக்கட்டோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை கீரிமலைக்குக் குளிக்கப் போனோம். பெண்கள் கேணியில் மூழ்கி எழும்பியவளின் கழுத்தில் பிள்ளையார் இருந்தார், திறப்பு இல்லை. அவள் வைத்த குரலில் யாரோ நீரில் மூழ்கித் தாண்டுவிட்டார்கள் என்று கேணியில் நின்ற பெண்களெல்லாம் பதறிப்போனார்கள்.

"ஆரம்மா தாண்டது?"

"திறப்பு!" என்றோம் நாங்கள்.

"ஐயோ, எத்தினை வயசுப் பிள்ளை?"

விஷயம் தெரிந்தபிறகும் அந்த நல்ல மனிசிகள் ஏசவில்லை. எல்லாருமாகக் காலால் துழாவித் தேடி எடுத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்வரை அவளுக்கு விக்கல் நிற்கவில்லை. பயம் வந்தால் அவளுக்கு விக்கலும் வந்துவிடும். அதுவும் மெல்லிய விக்கல் இல்லை, மதிலில் இருக்கிற காகம் எழும்பிப் பறக்கும்.

இந்த நிலைமையில்தான் சட்டம் படிக்கும் சீனியர் அக்கா ஒருத்தியிடம் போய் ஒப்பாரி வைத்தோம். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா: "வாடகைக்குக் குடுத்தா அந்த அறை உங்கடை பாவனைக்கு. சொந்தக்காரரெண்டாலும் கேட்டுப்போட்டுத்தான் வரவேணும். எழுப்பிறதெண்டாலும் நேரத்தோடை அறிவிச்சு முறைப்படிதான் எழுப்பலாம். இண்டைக்குச் சொல்லிப்போட்டு நாளைக்குச் சாமானைத் தூக்கி வெளியிலை போட ஏலாது. எழுத்து இல்லாட்டியும் அப்பிடித்தான்."

தலைகால் புரியாத சந்தோசத்தோடு வீட்டுக்கு வந்தோம். பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற கேள்வி வந்ததும் ஒருத்திக்குத் தலையிடி, ஒருத்திக்குப் பல்லுக்குத்து, எனக்கு மறுநாள் செய்முறைப் பரீட்சை. மிஞ்சியவள் திறப்பு. அவளைப் பழக்குவதற்காக நான் கூட்டுகிற தும்புத்தடியை ஏணியாகப் பிடித்துக்கொண்டு ஐயாவாக நடித்தேன். "ஐயா…" என்று தொடங்குவாள். விக்! பிறகு விக்கல் மட்டும்தான்.

"உது சரிவராது" என்று கண்ணைத் துடைத்தாள். "எனக்குக் கதைக்க ஏலாட்டி பூட்டுக் கதைக்கட்டும்."

அடுத்தநாள் காலையிலேயே சந்தைப் பக்கம் போய்ப் புதுப் பூட்டொன்று வாங்கி வந்து கதவில் போட்டு, அதன் திறப்பையும் கழுத்து நூலில் கோத்துக்கொண்டாள். நாங்கள் மறிக்கவில்லை, துணையாகவும் நிற்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றோம்.

அன்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கம்பஸால் நனைந்து வந்தால், எங்கள் வாசற்படியில் ஏணியைக் குறுக்கே போட்டு அதன்மேல் ஐயா குந்தியிருக்கிறார். முகம் கறுத்திருந்தது.

"கூரை ஒழுகுது. உள்ளுக்கை என்ரை விதை நனையுது. அது அழுகினா எனக்கு அடுத்த போகம் இல்லை. என்ரை வீட்டிலை எனக்கே பூட்டுப் போட்டது ஆர்?"

நாங்கள் மூவரும் நிலத்தைப் பார்த்தோம்.

"நாளைக்கே எழும்புங்கோ! நாலு பேரும்!"

சோதனைக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. பெட்டிகளோடு நடுத்தெருவில் நிற்கிற கோலம் கண்ணுக்கு முன்னால் வந்தது. அப்போது திறப்பு ஓர் அடி முன்னால் போனாள்.

"ஐயா…" விக்! "நீங்கள்…" விக்!

"சொல்லு பிள்ளை."

"கேட்டு…" விக்! "போட்டு…" விக்!

காகம் பறந்தது. ஐயாவின் கோபம் கலங்கிவிட்டது. "இஞ்சாருமப்பா, கெதியாய்த் தண்ணி கொண்டு வாரும்! இந்தப் பிள்ளைக்கு ஏதோ செய்யுது!"

அம்மா செம்போடும் சீனியோடும் ஓடி வந்தா. "ஆரோ நினைக்கினம் பிள்ளை, அதுதான்."

"ஆர் நினைக்கிறது? நானெல்லோ ஏசிக்கொண்டு நிக்கிறன்! மூச்சைப் பிடி பிள்ளை. மெல்ல, மெல்லக் குடி."

விக்கிக்கொண்டு நிற்கிற பிள்ளையை எப்படி வீட்டாலை எழுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. விக்கல் நிற்கட்டும் என்று காத்து நின்றார். அதனால், ஒவ்வொரு சொல்லாக, முழுவதையும் கேட்க வேண்டி வந்தது.

"கேட்டுப்போட்டு… வாங்கோ ஐயா. வேண்டாமெண்டு… சொல்லமாட்டம். உடுப்பு மாத்தேக்கை… நெஞ்சு… இடிக்குது. எங்களுக்கு… ஒரு கதவு… வேணும்."

அம்மா செம்பைக் கீழே வைத்துவிட்டு ஐயாவைத் திரும்பிப் பார்த்தா. "நீங்கள் கேக்காமலோ உள்ளுக்கை போறனீங்கள்?"

"நான் வெங்காயத்தைத்தானே பாத்தனான்…"

"நீங்கள் எதைப் பாத்தாலென்ன? குமர்ப் பிள்ளையளுக்கு நெஞ்சு பதறுமெல்லே!"

ஐயா வாசற்படியில் குறுக்கே கிடந்த ஏணியை எடுத்து விலக்கி வைத்தார். திறப்பு குனிந்து, கழுத்தில் கிடந்த நூலைக் கழற்றாமலே பூட்டைத் திறந்தாள். "இப்ப… வாங்கோ ஐயா." அவர் ஏற, ஏணியை அவளே பிடித்தாள். பின்னேரம் முழுக்க நாங்கள் ஆறு பேரும் நிலத்தில் இருந்து நனைந்த வெங்காயம் பொறுக்கினோம். எழும்பச் சொன்ன கதையை ஒருவரும் பிறகு எடுக்கவில்லை.

அடுத்தநாள் காலை வெளியே இருமல் கேட்டது. ஏணி வரவில்லை. குரல் வந்தது.

"பிள்ளையள், வரலாமோ?"

நாங்கள் நால்வரும் கம்பஸுக்கு வெளிக்கிட்டுப் புத்தகமும் கையுமாக நின்றோம். கதவைத் திறக்கப் போன என் கையைத் திறப்பு பிடித்தாள். "கொஞ்சம் பொறுங்கோ ஐயா!" என்று சத்தமாகச் சொன்னாள். விக்கலே இல்லை.

"ஏனடி? எல்லாரும் வெளிக்கிட்டாச்செல்லே?"

"பொறுக்கிறாரோ எண்டு பாக்கத்தான்."

வெளியில் அவர் பொறுத்தார். இவள் கதவோடு சாய்ந்து, கண் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அவள் இப்போது கரையோரத்தில், திரும்பக் கிடைத்த தங்கள் காணியில் வீடு கட்டி இருக்கிறாள். நான் இன்னமும் வாடகை அறைதான். வீட்டுக்காரர் கதவில் தட்டினால், சும்மா இருந்தாலும், "கொஞ்சம் பொறுங்கோ" என்கிறேன். அந்தப் பொறுங்கோவை எனக்கு வாங்கித் தந்தவள் அவள். நான் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்தவள்.

இதை எழுதுகிற இந்நேரம் அவளுக்கு விக்கல் எடுத்திருக்கும். பயப்பிடாதையடி. உன்னை எழுப்ப ஒருத்தரும் வரேல்லை. நினைக்கிறது நான்தான்.